300 கிராம் டென்னிஸ் ராக்கெட்: ஈயம் தலையிலயா, பக்கவாட்டுலயா, பிடியிலயா? இல்ல புது பிரேமே வாங்கிடலாமா?

கடையில வாங்கின ராக்கெட்டை அப்படியே வச்சு ஆடுறதா, லெட் டேப் (ஈயப் பட்டை) ஒட்டி நம்ம ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிறதா, இல்ல இதை வித்துட்டு கனமான பிரேமுக்கு போயிடறதா, கொஞ்ச வருஷம் ஆடின எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த கேள்வி வந்தே தீரும். பபோலா ப்யூர் டிரைவ், ஹெட் ஸ்பீட் எம்பி, யோனெக்ஸ் ஈஸோன் 100 எல்லாமே ஸ்ட்ரிங் போடாம 300 கிராம் ரகம், நம்ம ஊர் கோர்ட்டுகள்ல அதிகமா கண்ணுல படுறதும் இந்த ரகம் தான். அதனால இதையே வச்சு பேசுவோம். என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: முதல்ல ஸ்ட்ரிங், அடுத்தது ஈயம், கடைசியா தான் புது பிரேம்.

ஏன்னா ராக்கெட்ல நாம கை வைக்கவே முடியாத விஷயம் மூணு தான். ஹெட் சைஸ், ஸ்ட்ரிங் பேட்டர்ன் (நெடுக்க, குறுக்க எத்தனை இழைங்கிறது), பிரேமோட விறைப்பு. ப்யூர் டிரைவ் விறைப்பான பிரேம், பந்து பட்டதும் சட்டுனு கிளம்பிடும். வில்சன் பிளேட் 98 கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், பந்தை ஒரு நொடி பிடிச்சு வச்சுட்டு அனுப்புற மாதிரி கைக்கு தெரியும். ப்யூர் டிரைவ்ல எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் அது பிளேட் ஆகாது, அந்த உணர்வு தான் வேணும்னா காசு செலவு பண்ணித்தான் ஆகணும், வேற வழி இல்ல. ஆனா கோர்ட்ல நான் கேக்குற புகார்ல முக்கால்வாசி இந்த மூணைப் பத்தினது கிடையாது. "வேகமா வர்ற பந்துக்கு ராக்கெட் பின்னாடி தள்ளிப் போகுது", "வாலி அடிக்கும்போது கையில திரும்பிக்குது" (வாலின்னா பந்து தரையில படுறதுக்கு முன்னாடியே அடிக்கிறது), "சர்வ் போய் விழுது, ஆனா அழுத்தம் இல்ல". இதெல்லாம் எடை எங்க இருக்குங்கிற பிரச்சினை, சில கிராம் ஈயத்துல சரியாகுற பிரச்சினை.

கனமான பிரேம் பக்கமும் நியாயமா பாக்கணும். 2014ல ஃபெடரர் 90 சதுர அங்குல தலையை விட்டுட்டு 97க்கு வந்தாரு, அதோட கடை மாடல் வில்சன் ப்ரோ ஸ்டாஃப் ஆர்எஃப்97, ஸ்ட்ரிங் இல்லாமலே 340 கிராம். ஸ்ட்ரிங்கும் ஓவர்கிரிப்பும் சேந்தா 360ஐ தாண்டிடும். அதை சரியான நேரத்துல சுத்த முடிஞ்சா பந்து போற போக்கே தனி, எதிராளியோட வேகத்தை வாங்கி அப்படியே திருப்பி அனுப்பும், கைக்கு அதிர்வே தெரியாது. ஆனா வேலை முடிஞ்சு வந்து ஆடுற ஆளு ரெண்டாவது செட் பாதியில கை தளர்ந்து பந்தை லேட்டா அடிக்க ஆரம்பிச்சா அப்புறம் என்ன பண்றது? ஒட்டின ஈயத்தை உரிச்சிடலாம், பிரேமை செதுக்க முடியாது. ஏத்தலாம், இறக்க முடியாது, இந்த ஒரே காரணத்துக்காகவே லேசான பிரேமை வாங்கி ஏத்திக்கிறது எனக்கு புத்திசாலித்தனமா படுது.

இப்ப ஈயத்தை எங்க ஒட்டுறது. இதுல தான் விஷயமே இருக்கு, ஏன்னா அதே ஒரு கிராம் இடத்துக்கு இடம் வேற வேற வேலை செய்யும். ஸ்விங்வெயிட்ங்கிறது ராக்கெட்டை சுத்தும்போது எவ்வளவு கனமா தெரியுதுங்கிற அளவு, பிடியோட அடியில இருந்து 10 செமீ தள்ளி ஒரு அச்சு இருக்குன்னு வச்சு கணக்கு போடுவாங்க. அந்த அச்சுல இருந்து ஈயம் எவ்வளவு தூரமோ, அந்த தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கனம் கூடும். தலை உச்சி, அதாவது கடிகாரத்துல 12 மணி இடம், அச்சுல இருந்து சுமார் 57 செமீ. அங்க 1 கிராம் ஒட்டினா ஸ்விங்வெயிட் 3.2 பாயின்ட் ஏறும். 3 மணி, 9 மணி பக்கவாட்டுல அதே 1 கிராம் 1.8 கிட்ட தான் ஏத்தும். பிடியோட அடியில வெறும் 0.1. ஸ்ட்ரிங் போட்ட 300 கிராம் ராக்கெட்டுங்க பெரும்பாலும் 310ல இருந்து 325க்குள்ள இருக்கும், அதனால உச்சியில 4 கிராம் ஒட்டினா 13 பாயின்ட் ஏறி ராக்கெட்டோட குணமே மாறிடும், அதே 4 கிராமை பிடிக்குள்ள வச்சா சுத்தும்போது ஏறின கனமே தெரியாது.

12 மணி இடம் பேஸ்லைன்ல நின்னு பெரிய ஸ்விங் எடுத்து டாப்ஸ்பின் அடிக்கிறவங்களுக்கு. நடால் தலையில ஈயம் ஏத்தி ஆடினவர், அவர் ஸ்விங்கோட நீளத்துக்கும் உடம்புக்கும் அது சரி. ஸ்வீட் ஸ்பாட் கொஞ்சம் மேல ஏறும், பந்து ஆழமா விழும், சர்வ்ல அழுத்தம் கூடும். ஆனா விலையும் கொடுக்கணும்: ரிட்டர்ன்ல லேட் ஆகும், வலையில சட்டுனு ராக்கெட்டை நகர்த்த முடியாது, தோள்பட்டை சீக்கிரம் சோர்ந்து போகும். டபுள்ஸ் மட்டும் ஆடுறவங்க இந்த இடத்துக்கு போகவே வேணாம்னு தான் சொல்வேன்.

3, 9 தான் என் ஓட்டு. அதுவும் டபுள்ஸ் ஆடுற எல்லாருக்கும். எங்க கோர்ட்ல நெட்ல நல்லா நிக்கிற ஒரு அங்கிள் இருக்காரு, கை வேகம் அருமை, ஆனா எதிராளி உடம்பைப் பாத்து வேகமா அடிச்சா பந்து ஸ்ட்ரிங்ல ஓரமா பட்டு, ராக்கெட் கைக்குள்ளயே அரை விரல் அளவு திரும்பி, பந்து வலையோட அடியில போய் விழும். ரெண்டு பக்கமும் 2, 2 கிராம் ஒட்டினதும் அதே ஓரத்துல பட்ட பந்து வலையை தாண்ட ஆரம்பிச்சுது. "என்ன தம்பி, பிடிய மாத்திட்டியா?"ன்னு கேட்டாரு, பிடியில நான் கையே வைக்கல. காரணம் ட்விஸ்ட்வெயிட், ராக்கெட் தன்னோட நீள அச்சுல திரும்புறதை எவ்வளவு எதிர்க்குதுங்கிற அளவு. இந்த ரக ராக்கெட்டுங்கள்ல அது 13, 14 கிட்ட இருக்கும், பக்கவாட்டுல 4 கிராம் அதை 0.6 அளவுக்கு ஏத்தும், பாக்க சின்ன நம்பர், கைக்கு நல்லாவே தெரியும். உச்சியில ஒட்டினா இந்த பலன் கிட்டத்தட்ட எதுவும் வராது, ஏன்னா அது அந்த அச்சு மேலேயே உக்காந்திருக்கு. சாம்ப்ரஸ் தன்னோட ப்ரோ ஸ்டாஃப் 85ல ஈயத்தை பக்கவாட்டுல தான் ஒட்டினாரு, சர்வ் போட்டு வலைக்கு ஓடுற ஆட்டத்துக்கு அது ஏன்னு இதுல இருந்தே புரியும். சிங்கிள்ஸும் டபுள்ஸும் கலந்து ஆடுறவங்க 10, 2 மணி இடத்தை பாக்கலாம், ரெண்டு பலனும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

பிடியில ஏத்துறது பெரும்பாலும் தனி வைத்தியம் இல்ல, துணை வைத்தியம். தலையில ஏத்தினதால பேலன்ஸ் (ராக்கெட் சாயாம சமமா நிக்கிற புள்ளி) முன்னாடி போயிருந்தா அதை பின்னாடி இழுக்க. பிடி அடியில இருக்கிற பட் கேப் மூடியை திறந்து உள்ள ப்ளூ டேக் மாதிரி பசையை அழுத்தி வைக்கலாம், 5 கிராம் வச்சா பேலன்ஸ் சுமார் 5 மிமீ பிடி பக்கம் வரும். சிந்தெடிக் கிரிப்பை கழட்டிட்டு லெதர் கிரிப் சுத்தினாலும் ஏறக்குறைய 10 கிராம் ஏறும், கூடவே பிடியோட முனைகள் கையில நல்லா தெரியும், ஒத்தைக் கை பேக்ஹேண்ட் ஆடுறவங்களுக்கு அது பிடிக்கும். ஓவர்கிரிப் ஒண்ணு 5 கிராம் கிட்ட, கிரிப் அளவை அரை சைஸ் கூட்டும். கிரிப் அளவு L2வா, அடுத்த பெரிய சைஸ் L3யான்னு சந்தேகம் இருந்தா L2 வாங்குங்க, இங்கயும் ஏத்தலாம் இறக்க முடியாதுங்கிற கதை தான். சென்னை மாதிரி வேர்வை ஊருல ஒட்டுற ரக கிரிப் அரை மணி நேரத்துல வழுக்கும், ஈரமானா பிடிப்பு கூடுற டூர்னா கிரிப் மாதிரி உலர்ந்த ரகம் தான் சரிப்படும்.

ஒட்டுற வேலை சுலபம். கால் அங்குல அகல டேப் 4 அங்குலம் நீளத்துக்கு 1 கிராம். பிரேமோட உள் பக்கம், கிராமெட் (ஸ்ட்ரிங் நுழையிற ஓட்டை) வரிசைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டணும், வெளி பக்கம் ஒட்டினா தரையில உரசி கிழிஞ்சிடும். மேல ஒரு சுத்து எலக்ட்ரிகல் டேப் போட்டு மூடிடுங்க, ஒட்டி முடிச்சதும் கையை சோப்பு போட்டு கழுவுங்க, ஈயம் விஷம், வீட்டுல குழந்தைங்க இருந்தா டங்ஸ்டன் டேப் வாங்குங்க, விலை கூட தான், பரவாயில்ல. போட்டியில ஆடுறவங்களுக்கும் கவலை வேணாம், எடையை பகிர்ந்து வைக்க பிரேம்ல ஒட்டிக்கிறதை சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்போட (ஐடிஎஃப்) விதி அனுமதிக்குது.

இனி ஸ்ட்ரிங், முதல்ல செய்ய வேண்டியதுன்னு நான் சொன்னது. 1997ல பிரேசில் வீரர் குஸ்டாவோ கூர்டன் லக்ஸிலான் கம்பெனியோட பாலியஸ்டர் ஸ்ட்ரிங் போட்டு பிரெஞ்ச் ஓபன் ஜெயிச்சதுக்கு அப்புறம் உலகமே பாலி பக்கம் திரும்புச்சு, இப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் ஆடுறவங்க ராக்கெட்லயும் முழு பாலி இருக்கு. எனக்கு இதுல உண்மையாவே வருத்தம். பாலியோட பலன், அதாவது ஸ்ட்ரிங் வழுக்கிப் போய் சட்டுனு திரும்பி வந்து ஸ்பின் கொடுக்கிறது, முழு வேகத்துல அடிக்கிறவங்களுக்கு தான் முழுசா கிடைக்கும். அதோட டென்ஷன் (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டின இறுக்கம்) மளமளன்னு இறங்கும், அறுந்து போகாம மாசக்கணக்குல செத்த ஸ்ட்ரிங்கா ராக்கெட்லயே கிடக்கும், அதிர்வு பூரா முழங்கைக்கு போகும். ஸ்ட்ரிங்கை அடிக்கடி அறுக்கிற ஆளா இல்லைன்னா மல்டிஃபிலமென்ட் (மெல்லிசான பல இழைகளை சேத்து செஞ்ச சாஃப்ட் ஸ்ட்ரிங்) போடுங்க, 52லிருந்து 56 பவுண்டுக்குள்ள. நேச்சுரல் கட் (மாட்டுக் குடல்ல செஞ்ச ஸ்ட்ரிங்) இன்னிக்கும் எல்லாத்துக்கும் மேல தான், டென்ஷனை பிடிச்சு வைக்கிறதுல அதை அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா விலை ஒரு பக்கம், கடலோர ஈரக்காத்து இன்னொரு பக்கம், மழையில மாட்டினா இழை பிரிஞ்சுடும். ஃபெடரர் மெயின்ல (நெடுக்க போற இழை) நேச்சுரல் கட், கிராஸ்ல (குறுக்க போற இழை) லக்ஸிலான் பாலி போட்டாரு. நாம அதையே தலைகீழா, மெயின்ல மெல்லிசான பாலி, கிராஸ்ல மல்டின்னு போட்டா செலவு அடங்கும், ஸ்பின்னும் கொஞ்சம் மிஞ்சும். டென்ஷன் பாலிக்கு எப்பவும் நாலஞ்சு பவுண்டு கம்மியா. மே மாச வெயில்ல பந்து கூடுதலா துள்ளும், அப்ப ஒண்ணு ரெண்டு பவுண்டு ஏத்திக்கலாம்.

டெஸ்ட் பண்றதுல எல்லாரும் கவனிக்காம விடுற விஷயம் ஒண்ணு. ஒரு ராக்கெட்ல பழைய பாலி, இன்னொண்ணுல புது மல்டி, ரெண்டையும் மாத்தி மாத்தி அடிச்சுட்டு "இந்த பிரேம் சாஃப்ட்டா இருக்கு"ன்னு சொன்னா நீங்க சோதிச்சது பிரேமை இல்ல, ஸ்ட்ரிங்கை. ரெண்டுலயும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே டென்ஷன், ஒரே நாள்ல போட்டதா இருக்கணும், விலை கம்மியான சிந்தெடிக் கட் (நைலான் ஸ்ட்ரிங்) இதுக்கு போதும். ஒரு சமயத்துல ஒரு மாத்தம் தான். முதல் அரை மணி நேரம் எந்த ராக்கெட்டும் நல்லா தான் இருக்கும், கை புதுசா இருக்கும்ல, அதனால முடிவை ரெண்டாவது செட்டுக்கு அப்புறம் எடுங்க. அப்ப பாக்க வேண்டியது வின்னர் எத்தனைன்னு இல்ல. வேகமான சர்வுக்கு ரிட்டர்ன் உடம்புக்கு முன்னாடி படுதா, ஓரத்துல பட்ட வாலி எங்க விழுது, செகண்ட் சர்வ் சோர்ந்த கையோட பாக்ஸுக்குள்ள நிக்குதா, இதை பாருங்க. முடிஞ்சா ஈயம் ஒட்டுற வேலையை இன்னொருத்தர் கிட்ட கொடுத்து எங்க எவ்வளவுன்னு சொல்ல வேணாம்னு சொல்லிடுங்க, ரெண்டு ராக்கெட்லயும் எல்லா இடத்துலயும் எலக்ட்ரிகல் டேப் சுத்தினா கண்ணுக்கும் தெரியாது. மனசு முன்கூட்டியே முடிவு பண்ணி வச்சிருக்கிறதை கைக்கு சொல்லிக்கொடுக்காம இருக்க இதைவிட நல்ல வழி எனக்கு தெரிஞ்சு இல்ல.

பிடிச்ச அளவு கிடைச்சதும் எழுதி வைக்கணும், மெஷின் இல்லாமலே அளக்கலாம். கிச்சன் தராசுல எடை, ஸ்கேல் விளிம்புல நிக்க வச்சு பிடி அடியில இருந்து பேலன்ஸ் தூரம். அப்புறம் பிடியோட அடி முனையில தொங்கவிட்டு லேசா ஆட்டி விடுங்க, (ஒரு பக்கம் போய் திரும்பி வந்தா ஒரு ஆட்டம்) 20 ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம்னு போன்ல வீடியோ எடுத்து பாத்து, ஒரு ஆட்டத்தோட நேரம் கண்டுபிடிங்க. எடையை கிலோவுலயும் தூரத்தை செமீலயும் வச்சுக்கிட்டா கணக்கு இது: 980ஐ எடையாலும் பேலன்ஸ் தூரத்தாலும் ஆட்ட நேரத்தோட வர்க்கத்தாலும் பெருக்கி 39.5ஆல வகுக்கணும், அதுல இருந்து எடை, தூரம், 20 மூணையும் பெருக்கினதை கழிச்சு, எடையோட 100 மடங்கை கூட்டணும். 0.320 கிலோ, 33 செமீ, 1.38 விநாடின்னா ஸ்விங்வெயிட் 320 கிட்ட வரும். நேரத்துல நூத்துல ஒரு பங்கு விநாடி தப்பினாலே 7 பாயின்ட் மாறிடும், அதனால தான் 20 ஆட்டம்.

இந்த கணக்கு கடைசியா கை கொடுக்கிறது ரெண்டாவது ராக்கெட் வாங்கும்போது. ஒரே மாடல், ஒரே பெயின்ட், ஆனா தொழிற்சாலையில இருந்து வரும்போதே ரெண்டுக்கும் நடுவுல சில கிராமும் சில பாயின்ட்டும் வித்தியாசம் இருக்கும். ரெண்டையும் அளந்து கனமானதை அளவா வச்சுக்கிட்டு லேசானதுல தான் ஏத்தணும். முதல்ல தலையில ஒட்டி ஸ்விங்வெயிட்டை சமமாக்குங்க, அப்புறம் மிச்ச எடையை பிடிக்குள்ள வைங்க, பிடியில வைக்கிறது ஸ்விங்வெயிட்டை அசைக்காதுங்கிறதால இந்த வரிசையில போனா தான் திரும்ப திரும்ப உரிச்சு ஒட்ட வேண்டி வராது.