மூன்று தவணை பாக்கி: கடனை மாற்றி எழுதுவதா, வீட்டை விற்பதா?

வீட்டுக்கடனில் இரண்டு மூன்று தவணை நின்றுபோனால் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள்: "பேங்க்ல பேசி இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லு." குறைக்கலாம்தான். எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

போட்டுப் பார்ப்போம். 30 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டியாயிற்று, அசல் பாக்கி 26.44 லட்சம். அப்புறம் வேலை போகிறது, மூன்று தவணை நிற்கிறது. வட்டியும் சேர்ந்து பாக்கி ஏறக்குறைய 27 லட்சம் ஆகிறது. (அபராதக் கட்டணம் தனி. ஆனால் 2024இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி அதை அசலோடு சேர்த்து வட்டி போட முடியாது.) இந்த 27 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 19,125 ரூபாய். வட்டி விகிதம் குறைந்தால் ஒழிய, எத்தனை வருடம் நீட்டினாலும் தவணை இதற்குக் கீழே இறங்காது. மேனேஜர் முன்னால் போய் உட்காருவதற்கு முன் உங்கள் கடனுக்கு இந்த எண் என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதல் வழி, காலத்தை நீட்டுவது. மீதமிருந்த 15 வருடத்தை 20 ஆக்கினால் தவணை 23,431 ரூபாய். மாதம் மிச்சமாவது 2,600 ரூபாய் சொச்சம். அதற்காகக் கடைசிவரை கூடுதலாகக் கட்டப்போவது 9.37 லட்சம். 25 வருடம் ஆக்கினால் தவணை 21,741க்கு வரும், கூடுதல் சுமை 18 லட்சத்தைத் தாண்டும். சம்பளக்காரர் என்றால் ஓய்வு வயது குறுக்கே நிற்கும், 25 வருடம் கிடைப்பதே சந்தேகம். மாதம் 2,600 ரூபாயால் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடும் என்றால் அந்தக் குடும்பம் மூன்று தவணையைத் தவறவிட்டிருக்காது.

இரண்டாவது, தவணையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கச் சொல்வது. ஆறு மாதம் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று வங்கி ஒத்துக்கொள்கிறது என வைத்துக்கொள்வோம். பாக்கி 28.17 லட்சம் ஆகும். ஏழாவது மாதத்திலிருந்து பழைய 26,035 ரூபாயையே கட்டினால் 206 மாதத்தில் கடன் முடியும். முதலில் கட்ட வேண்டியிருந்தது 180 தவணை, எனவே 26 தவணை கூடுதல், அதாவது 6.77 லட்சம். மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீட்டிப்பை விடச் செலவு குறைவு, அதோடு கை வறண்டிருக்கும் மாதங்களில் முழுத் தவணையும் மிச்சம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, ஆகவே வேலை கிடைத்த பிறகு போனஸ், சீட்டுப் பணம் என்று வருவதைப் போட்டு இந்தக் கூடுதலைக் கரைக்கவும் முடியும். இரண்டில் ஒன்றைக் கேட்பதானால் நான் இதைத்தான் கேட்பேன்.

வங்கி ஏன் உடனே தலையாட்டுவதில்லை? கடனாளியின் பணமுடைக்காக நிபந்தனைகளைத் தளர்த்தினால் அது மறுசீரமைப்பு. பொதுவான விதிப்படி, நல்ல நிலையில் உள்ள கணக்கைக்கூட அப்போது வாராக்கடன் என்று வகைப்படுத்த வேண்டியிருக்கும். கோவிட் காலத்தில், 2020இலும் 2021இலும் அதற்குச் சிறப்பு விலக்கு இருந்தது. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் மறுசீரமைப்பு என்று பதிவாகும். எனவே வாய்வார்த்தையை நம்பாமல், வேலை போன கடிதம், மருத்துவமனை பில் போன்றவற்றை இணைத்து எழுத்தில் கேளுங்கள். புதிய நிபந்தனைகளையும் எழுத்தில் வாங்குங்கள்.

நம்மூரில் மூன்றாவதாக ஒரு வழி எப்போதும் உண்டு: நகையை அடகு வைத்துப் பாக்கியைக் கட்டுவது. வருமானம் எப்போது திரும்பும் என்று தெரிந்தால் மூன்றிலும் இதுவே மலிவு. 27 லட்சக் கடனைக் கிளறாமல், 78,000 ரூபாய் பாக்கியை மட்டும் தனிக் கடனாக்குகிறீர்கள். ஆனால் பாக்கி 90 நாள் தாண்டுவதற்குள் செய்ய வேண்டும். தாண்டிவிட்டால் கணக்கு வாராக்கடன். அப்புறம் ஒரு தவணை, இரண்டு தவணை கட்டி வெளியே வர முடியாது. முழுப் பாக்கியும் தீர்ந்தால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். வருமானம் வருமா என்றே தெரியாதவர் இதைச் செய்தால் வீட்டோடு நகையும் போகும்.

வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாமே என்பார்கள். பாக்கி வைத்திருப்பவரை எந்த வங்கி எடுத்துக்கொள்ளும்?

வருமானம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 60,000 சம்பளம் 35,000 ஆகி, அதுதான் இனி என்று தெரிந்தால், 19,125 வட்டியே பாதிக்கு மேல் தின்றுவிடும். அவர்கள் வீட்டைத் தாங்களே விற்பது நல்லது, அதுவும் சீக்கிரமாக. அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். முடியும். நிலுவைத் தொகைக்கு வங்கியிடம் கடிதம் வாங்கி, வாங்குபவரோ அவருடைய வங்கியோ அந்தத் தொகையை நேராக உங்கள் கடன் கணக்கில் கட்டும்படி ஏற்பாடு செய்யலாம். வில்லங்கச் சான்றில் எம்ஓடி (பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்து வைத்த அடமானப் பதிவு) எப்படியும் தெரியும், அதனால் வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி மூலப்பத்திரத்தைத் திருப்பித் தந்து அடமானப் பதிவையும் நீக்க வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். வரியை மறக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருந்த வீடு என்றால் லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு, வங்கிக்குக் கட்டிய கடனை அந்த லாபத்தில் கழிக்க முடியாது.

பேசாமல் இருந்துவிடுவதும் ஒரு தேர்வுதான், மிக மோசமான தேர்வு. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வழக்குப் போடாமலே வீட்டை எடுக்கலாம். முதலில் 60 நாள் நோட்டீஸ் வரும். ஆட்சேபணை எழுதினால் 15 நாளுக்குள் வங்கி பதில் தர வேண்டும். அதன் பிறகு வீட்டைக் கைப்பற்ற வங்கி எடுக்கும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் உள்ளன. முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை முன்பு விற்பனை முடியும் வரை இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஏல விலையும் ஏமாற்றம் தரும், ஏனென்றால் ஆள் குடியிருக்கும், உள்ளே போய்ப் பார்க்க முடியாத வீட்டுக்கு யாரும் முழு விலை கேட்க மாட்டார்கள். கடனும் செலவும் போக மீதி வந்தால் உங்களுக்குத் தர வேண்டும். குறைந்தால் அந்தக் குறையை உங்களிடமும், ஜாமீன் கையெழுத்துப் போட்டவரிடமும் கேட்பார்கள்.