கடல் தின்ற மனைக்கு எல்லை அளந்து தந்த சர்வேயர்: என் அனுபவம்

அப்பா நட்ட எல்லைக்கல் நான்கில் இரண்டு இப்போது கடலுக்குள் இருக்கின்றன. தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்தில் ஒன்றின் தலை மட்டும் தெரியும். கல்லில் ஒட்டி வளரும் கூர்மையான ஓட்டு உயிரியான கொட்டலசு அப்பிக் கிடக்கிறது, கை வைத்தால் கீறிவிடும். பத்திரத்தில் கிழக்கெல்லைக்கு ஒரே சொல்தான் எழுதியிருக்கிறார்கள்: கடல். எந்த வருஷத்துக் கடல் என்று எழுதவில்லை.

முதலில் வேறொரு நிறுவனத்தைக் கேட்டோம். பத்திர நகலை அனுப்பினால் போதும் என்றார்கள். இரண்டே நாளில் வரைபடம் வந்தது. அலை அடிக்கிற இடத்தையும் சேர்த்து அப்பா காலத்து எல்லையை அப்படியே வரைந்திருந்தார்கள். யாரும் நேரில் வந்து பார்க்கவே இல்லை. அந்தக் காகிதத்தால் எனக்கு எந்தப் பயனும் இல்லை.

அப்புறம்தான் கடற்கரை நிலம் மட்டுமே அளக்கும் இந்த சர்வேயர் கிடைத்தார். கரையில் காய்ந்து கிடந்த பாசி வரிசையைக் காட்டி, “இதுதானே எல்லை?” என்றேன். “இது போன அமாவாசைத் தண்ணீர் போட்ட கோடு அம்மா. பௌர்ணமிக்கு வேற கோடு போடும்” என்றார். எங்கள் மனைக்குப் பொருந்தும் சட்டம் பார்ப்பது ‘சராசரி உயர் ஓதக் கோடு’. ஓதம் ஏறும்போது தண்ணீர் எட்டும் உயரங்களின் சராசரி, கரையைத் தொடும் இடம் அது. பல நாடுகளில் இதுதான் எல்லை. நிலவின் பாதை ஒரு முழுச் சுற்று ஆடி முடிக்க 18.6 ஆண்டு ஆவதால், சுமார் 19 ஆண்டு ஓதப் பதிவுகளின் சராசரியை எடுக்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935-லேயே இந்த 18.6 ஆண்டுக் கணக்கை ஏற்றிருக்கிறது.

அந்த உயரம் ஓத நிலையத்தின் பதிவிலிருந்து கிடைத்துவிடும். அது மணலை எங்கே தொடுகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் இவருடைய திறமை தெரிகிறது. 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் கரையில், உயரத்தில் 10 சென்டிமீட்டர் பிசகினால் கோடு 5 மீட்டர் தள்ளிப்போகும். அதனால் ஒரே வரிசையை மூன்று தடவை அளந்தார். கிளம்பிய பெஞ்ச்மார்க்குக்கே (உயரம் முன்பே தெரிந்த நிலையான குறி) திரும்பி வந்து, வித்தியாசம் 4 மில்லிமீட்டர்தான் என்று எனக்குக் காட்டிய பிறகே கருவியைப் பெட்டியில் வைத்தார். கடல் சீறும் காலத்தில் மணல் இறங்கும், அமைதியான மாதங்களில் திரும்பி ஏறும் என்பதால் இன்னொரு பருவத்திலும் வந்து அளந்தார். நாங்கள் கேட்காமலே வந்தார்.

முடிவு எங்களுக்குக் கஷ்டமானதுதான். மனையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கோட்டுக்குக் கடல் பக்கம் போய்விட்டது. “கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுப் போன நிலம் அம்மா. கோடும் கூடவே நகர்ந்துடுச்சு. அந்தப் பக்கம் இனி எல்லாருக்கும் பொது” என்றார். கோட்டை இரண்டு மீட்டர் தள்ளிப் போட முடியாதா என்று தம்பி கேட்டான். “போடலாம் தம்பி, ஆனா அதுல என் கையெழுத்து இருக்காது.” இந்த ஒரு பதிலுக்காகவே இவரை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

அறிக்கையின் பின்னிணைப்பை அவசியம் படியுங்கள். காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் பொது என்று 533-ல் ஜஸ்டினியன் வெளியிட்ட ரோமச் சட்டமே சொல்வதிலிருந்து தொடங்குகிறார். மெல்ல வரும் அரிப்புக்கும் திடீர் மாற்றத்துக்கும் சட்டம் வேறு வேறு என்பதற்கு 2012 டெக்சஸ் தீர்ப்பைக் காட்டுகிறார். 2005-ல் வந்த ரீட்டா புயலுக்குப் பிறகு கால்வெஸ்டன் தீவில் எழுந்த வழக்கு அது. ஈரமணல் அரசுடையதுதான், ஆனால் புயல் ஒரே அடியாகக் கரையைப் பின்னுக்குத் தள்ளினால், உலர்மணலில் மக்கள் நடக்கும் உரிமை தானாக உள்ளே நகர்ந்து வராது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கரையில் நடந்து போகிறவருக்கு, அந்த மணல் ஒரு ராத்திரியில் போனதா பத்து வருஷத்தில் போனதா என்பதில் என்ன வித்தியாசம்? மணல் கொட்டிக் கரையை மீட்டால் நிலம் திரும்ப நமக்கே வரும் என்று நம்புகிறவர்கள், புளோரிடா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் தந்த தீர்ப்பைப் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். அங்கே அரசு கொட்டிய மணலால் உருவான புது நிலம் அரசுக்கே.

குறையும் உண்டு. அறிக்கை சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் தாமதம். வரைபடத்தில் குறியீட்டு விளக்கம் பூதக்கண்ணாடி கேட்கிற அளவுக்குப் பொடி எழுத்து. ஆனால் கோட்டின் பக்கத்திலேயே அளந்த தேதியைப் பெரிதாகப் போட்டிருக்கிறார். அடுத்த வருஷம் இந்தக் கோடு செல்லாமல் போகலாம் என்றும் எழுதியிருக்கிறார்.

வேலியைப் பிடுங்கிக் கோட்டுக்கு உள்ளே நட்டுவிட்டோம். ஓதம் ஏறும் நேரத்தில் எங்கள் வேலியைச் சுற்றி முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனவர்கள், இப்போது மணலிலேயே நடந்து போகிறார்கள்.