லண்டனுக்கு நேரடி விமானமா, வளைகுடா வழியா?

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மாவை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனது வளைகுடா வழியாக. இந்த வருடம் பேரனின் பிறந்தநாளுக்குக் கொழும்பிலிருந்து நேரடி விமானத்தில் போனோம். வயதானவர்களோடு போவதென்றால் நேரடிதான் நல்லது என்பேன். நாங்கள் எடுத்த நேரம் டிக்கட் விலை அதற்குத்தான் கூட. தெரிந்துதான் எடுத்தோம்.

தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோ ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நாங்கள் முதலில் போனதுபோல் கட்டாரின் டோஹாவில் இறங்கி ஏறினாலும் 8,900ஐ ஒட்டித்தான் வரும். டோஹா கிட்டத்தட்ட அந்தப் பாதையிலேயே கிடக்கிறது. பறக்கும் நேரமும் அப்படித்தான். நேரடியில் 11 மணித்தியாலம் அளவில், டோஹா வழி 5ம் 7மாக 12. கூடுகிற நேரமெல்லாம் தரையில் போவதுதான்.

அந்தத் தரை நேரம்தான் அம்மாவை வாட்டியது. நடுவில் எங்களுக்கு நான்கு மணித்தியாலம் இருந்தது. இறங்கியதும் மறுபடி பாதுகாப்புச் சோதனை. செருப்பைக் கழற்று, கைப்பையைத் தட்டில் வை. கையை விட்டு இறங்காத காப்பைச் சவர்க்காரம் போட்டா கழற்றுவது என்று அம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் கேட் வரைக்கும் நீண்ட நடை. கதிரையில் உட்கார்ந்தபோது அவருடைய கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது.

மட்டக்களப்பில் இருந்து போகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். கொழும்புக்காரர் வீட்டில் தூங்கி எழும்பி எயார்போட்டுக்குப் போகலாம். நாங்கள் கல்லடியில் வேன் ஏறி, பொலனறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஒரு இரவை ரோட்டிலேயே கழித்துவிட்டுத்தான் விமானத்துக்கே போகிறோம். ரயில் கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்குத்தான் போகும். பெட்டிகளோடு அங்கிருந்து திரும்பக் கட்டுநாயக்கவுக்கு வர வேண்டும். அந்தக் களைப்போடு நடுவழியில் இன்னொரு முறை இறங்கி ஏறுவது எழுபது வயதுக்காரருக்குச் சரிவராது.

நேரடியிலும் 11 மணித்தியாலம் ஒரே இருக்கை என்பது முழங்காலுக்கு லேசில்லை. நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கி, இடைக்கிடை எழுப்பி நடக்க வைத்தேன். மற்ற நேரம் அம்மா போர்வையை இழுத்து மூடித் தூங்கினார். எந்த வழி போனாலும் வீல்சேர் வேண்டுமென்று டிக்கட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

துபாய், அபுதாபி வழி நான் போனதில்லை, அதனால் அவற்றை ஒப்பிடவில்லை. உறவுகள் மான்செஸ்டரிலோ பர்மிங்ஹாமிலோ இருந்தால் கதை வேறு. வளைகுடாவிலிருந்து அங்கேயே போய் இறங்கலாம், ஹீத்ரோவிலிருந்து காரில் அலையத் தேவையில்லை. தனியாகப் போனால் நானும் விலையைப் பார்த்து அந்த வழியில்தான் போவேன். அம்மாவோடு அடுத்த சித்திரைக்கு மட்டும் நேரடி டிக்கட்டுக்கே காசு சேர்க்கிறேன்.