காளான் குடிலும் கணக்கு நோட்டும்: வேளாண் தொழில்முனைவோர் பயிற்சி எனக்கு என்ன தந்தது?

விவசாயத் தொழிலில் இறங்கும் பெண்கள், இளையோர், அகதிகள் ஆகிய மூன்று தரப்பினரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து, வியாபாரம் நடத்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஒன்று 2023-இல் கோலாலம்பூர், செந்தூலில் நடந்தது. ரவாங் பக்கம் சிப்பிக் காளான் வளர்த்து நகரத்து உணவகங்களுக்கு விற்கும் நான் அதில் சேர்ந்து முடித்தேன். கடைசி நாளன்று கருத்துப் படிவம் கொடுத்தார்கள். எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டோம். அது அன்றைய மகிழ்ச்சியில் போட்ட மதிப்பெண். படித்ததில் எது கையோடு வந்தது, எது வகுப்பிலேயே தங்கிவிட்டது என்பதெல்லாம் தொழில் ஓடிய பிறகுதான் தெரிகிறது. அடுத்த முறை சேரலாமா என்று பல பெண்கள் என்னிடம் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கவிலை போடும் பாடம் ஒன்றுக்காகவே இந்தப் பயிற்சிக்குப் போகலாம். தொழில் திட்ட அறிக்கை எழுதச் சொல்லிக்கொடுத்தது கடன் விண்ணப்பத்துக்கு மட்டும் உதவியது. எங்களோடு படித்த அகதிகளுக்குப் பாடத்தில் பாதி பொருந்தவே இல்லை. அவர்களிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை. பாடத்தை வகுத்தவர்கள் அவர்கள் நிலைமையை எண்ணிப் பார்க்கவில்லை.

காளான் வளர்ப்பு தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ரப்பர் மரத்தூளோடு அரிசித் தவிடும் சுண்ணாம்பும் கலந்து நெகிழிப் பையில் அடைத்து, நீராவியில் வேகவைத்து, ஆறியதும் காளான் வித்து இடுவார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பை முழுதும் வெள்ளையாகப் படர்ந்துவிடும். வாயைத் திறந்து குடிலை ஈரமாக வைத்திருந்தால் கொத்துக் கொத்தாக வெளியே வரும். ஒரே பை சில மாதங்கள் விட்டுவிட்டுக் காய்க்கும். என்னைப் போன்ற சிறு வளர்ப்பாளர்கள் வித்திட்ட பைகளை விலைக்கு வாங்கித்தான் வளர்க்கிறோம்.

எங்கள் பயிற்றுநர் பேராக்கில் மீன் குளம் வைத்து நடத்தியவர். வெள்ளைப் பலகை முன் நின்று, “உங்கள் சரக்கின் அடக்கவிலை என்ன?” என்று கேட்டார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சந்தை விலையைச் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காளானையே உதாரணமாக எடுத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். நூறு பை வாங்குகிறீர்கள், பை 2 ரிங்கிட், ஆக 200 ரிங்கிட். பச்சைப் பூசணம் பிடித்துப் பத்துப் பை போய்விடுகிறது. மீதித் தொண்ணூறு பையும் காய்த்து ஓய்வதற்குள் தலைக்கு 300 கிராம் கொடுக்கின்றன. மொத்தம் 27 கிலோ. பைச் செலவு மட்டும் கிலோவுக்கு 7 ரிங்கிட் 41 காசு. கெட்டுப்போன பத்துப் பையின் விலையும் இதற்குள் அடங்கிவிட்டது, கவனியுங்கள் என்றார். தண்ணீர், மின்சாரம், தட்டு, பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 2 ரிங்கிட் என்று வைத்தார். அதற்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

அந்த வரி எங்கள் உழைப்புக்கு. பறித்து, அடிக்கட்டையை நறுக்கி, எடைபோட்டு அடைக்க ஒரு கிலோவுக்கு இருபது நிமிடம் ஆகிறது என்றால், அந்த இருபது நிமிடத்துக்குச் சம்பளம் எழுதுங்கள் என்றார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, “அது நம் கைவேலைதானே, அதற்கு எதற்குக் கூலி?” என்று கேட்டார். “நாளைக்கு நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டால் ஆள் வைப்பீர்கள் அல்லவா அம்மா, அந்த ஆளுக்கு என்ன கொடுப்பீர்கள்?” என்று பயிற்றுநர் திருப்பிக் கேட்டார். அப்போது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 ரிங்கிட், மணிக்கு 7 ரிங்கிட் 21 காசு. இருபது நிமிடத்துக்கு 2 ரிங்கிட் 40 காசு. கூட்டிப் பார்த்தால் கிலோ அடக்கம் 11 ரிங்கிட் 81 காசு. உணவகக்காரர் 11 ரிங்கிட்டுக்குக் கேட்கிறார், நாமும் பெரிய ஆர்டர் என்று மகிழ்ந்து கொடுக்கிறோம். ஒவ்வொரு கிலோவுக்கும் நம் உழைப்பில் இருந்து 81 காசை அவருக்கு இனாமாகத் தருகிறோம். வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தப் பலகைக் கணக்கை இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவருகிறேன். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாகி, மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு என்று ஆனபோது என் உழைப்பு வரியையும் மாற்றினேன். பயிற்றுநரின் உதாரணத்தையே எடுத்துக்கொண்டால், அடக்கம் 12 ரிங்கிட் 32 காசாகிவிடும். விலையை உயர்த்தப் போனபோது இந்த நோட்டைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். பிரிக்பீல்ட்ஸ் சைவ உணவகம் ஒன்றின் முதலாளி ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை; அவருக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். நட்டத்துக்குக் கொடுப்பதைவிட அந்தக் காளானை இரவுச் சந்தையில் தட்டு தட்டாக விற்பது மேல் என்று நோட்டே சொல்லியது. பெரிய பேரங்காடி ஒன்றும் சரக்குக் கேட்டு வந்தது. விற்றதற்கு மட்டும்தான் பணம், அதுவும் இரண்டு மாதம் கழித்து. விற்காததை நாமே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே வைத்தால் ஓரிரு நாளில் வாடிப்போகிற சரக்குக்கு இந்த நிபந்தனை ஒத்துவராது என்று கணக்குப் போட்டுப் பார்த்து மறுத்துவிட்டேன்.

விற்பனை நாட்காட்டி ஒன்றும் போடச் சொன்னார்கள். இது பாடப் புத்தகத்தில் இல்லை. வகுப்பில் பேசிப் பேசி உருவானது. புரட்டாசி முழுக்க நம்மவர்கள் கவிச்சி ஒதுக்குவார்கள். சீனர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். அவர்களுடைய ஒன்பதாம் மாதத்து ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழாவில் அம்பாங் கோயில் பக்கம் சைவக் கடைகள் நிறைந்துவிடும். சில ஆண்டுகளில் அது நவராத்திரியோடு சேர்ந்தே வரும். இந்தக் காலத்துக்கு விளைச்சல் கிடைக்க வேண்டுமானால் பைகளை எப்போது இறக்க வேண்டும் என்று பின்னோக்கி எண்ண வேண்டும். தைப்பூசத்துக்கும் அப்படியே. வகுப்பில் இருந்த சீனப் பெண்மணி ஒருவர் சொல்லித்தான் சந்திர நாள் கணக்கை என் நாட்காட்டியில் சேர்த்தேன். இன்றுவரை என் பை ஆர்டர் அதன்படிதான் போகிறது.

தொழில் திட்ட அறிக்கைக்கு வருகிறேன். ஐந்தாண்டு வருமானக் கணிப்பு எழுதச் சொன்னார்கள். வகுப்பில் இருந்த காய்கறி விவசாயிகள் பலர், தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமம் பெற்று அரசு நிலத்தில் பயிரிடுகிறவர்கள். தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் தேதி முடிகிறது. மீண்டும் புதுப்பிக்க வேண்டும். நிலமே ஓராண்டுக்குத்தான் உறுதி என்னும்போது ஐந்தாவது ஆண்டு இலாபத்தை எழுதி என்ன பயன்? இதை எழுந்து கேட்ட அண்ணனுக்கு, “படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்றுதான் பதில் வந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. உரிமம் புதுப்பிக்கப்படாமல் போனால் எதைப் பெயர்த்துக்கொண்டு போகலாம், எதை விட்டுவிட வேண்டும், அதற்கு ஏற்றபடி எதில் எவ்வளவு முதல் போடலாம் என்று கற்றுக்கொடுத்திருந்தால் அதுதான் அவர்களுக்கு வேண்டிய பாடம்.

கடன் பற்றிய தகவல் நன்றாகவே இருந்தது. சிறு தொழில்களுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேசனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்புமி திட்டம், வங்காளதேசத்துக் கிராமின் வங்கியை முன்மாதிரியாகக் கொண்டு 1987-இல் தொடங்கிய அமானா இக்தியார் என்னும் சிறுகடன் அமைப்பு ஆகிய இரண்டையும் விளக்கினார்கள். தொழிலைப் பதிவு செய்ய சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60 ரிங்கிட் என்று கேட்டபோது, அத்தனை ஆண்டுகளாகப் பயந்துகொண்டிருந்த பெண்கள் அன்று மாலையே கைப்பேசியில் பதிவைத் தொடங்கினார்கள். இளையோருக்கு இந்தப் பயிற்சி எப்படி என்று கேட்டால், சரி என்பேன். உரநீர்ப் பாசனத்தில் மிளகாய் போட்ட தம்பி இன்னும் தொழிலில் இருக்கிறார். காணொளி எடுத்து விற்பதில் எங்களுக்கெல்லாம் அவர்தான் ஆசான்.

அகதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வன்னியில் இருந்து வந்த ஓர் அக்கா, மியன்மாரின் சின் இனப் பெண்கள் சிலர், செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கமே வளர்ந்த ரோஹிங்யா இளைஞர் ஒருவர் எங்களோடு படித்தார்கள். மண்ணைப் பற்றி வன்னி அக்காவுக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட குடும்பம். விதையைச் சாம்பலில் புரட்டி எப்படிக் காக்க வேண்டும் என்று இடைவேளையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த இளைஞருக்கோ தக்காளி விலை விடியற்காலைக்குள் எப்படி ஏறி இறங்கும் என்பது அத்துப்படி.

தொழில் பதிவுப் பாடம் வந்தபோது, “அடுத்த வாரம் எல்லோரும் பதிவுச் சான்றிதழோடு வாருங்கள்” என்றார்கள். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. குடிநுழைவுச் சட்டம் அகதியையும் ஆவணம் இல்லாதவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுக்கும் அட்டை கையில் இருந்தாலும் சட்டப்படி வேலை செய்யும் உரிமை கிடையாது. தொழில் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வங்கிக் கணக்கு திறப்பதே பெரும்பாடு. இதெல்லாம் நடத்தியவர்களுக்குத் தெரியாததல்ல, பாடத்தில்தான் இடம்பெறவில்லை. அக்கா அன்று நோட்டை மூடிவைத்துவிட்டு, “தங்கச்சி, இதை நான் எழுதி என்ன செய்ய?” என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இருந்தும் அவர்கள் விட்டுப் போகவில்லை. சின் பெண்கள் தங்கள் மக்கள் விரும்பிச் சமைக்கும் புளிச்சகீரையைக் கிடைத்த இடத்தில் வளர்த்துத் தங்கள் சமூகத்துக்குள்ளேயே கொடுத்துவந்தார்கள். அடக்கவிலைப் பாடத்துக்குப் பிறகு, கட்டுக்கு எத்தனை தண்டு என்று நிர்ணயித்து, வாரந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேமிப்புக் குழு ஒன்றும் தொடங்கினார்கள். குடும்பத்தில் யாருக்காவது மருத்துவச் செலவு வந்தால் அதில் இருந்துதான் எடுக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் அகதிகளுக்கும் வெளிநாட்டவர் கட்டணம்தான். அட்டை இருந்தால் பாதி கழிவு. அப்படியும் அது அவர்களுக்குப் பெரிய தொகை. அக்கா வீட்டில் வடகமும் ஊறுகாயும் போட்டு, தெரிந்தவர்களுக்குச் சொல்லி விற்கிறார். அவருக்கும் அந்த நோட்டுத்தான் துணை.

அடுத்த வகுப்பு நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அகதிகளைச் சேர்ப்பதாக இருந்தால், அவர்களுக்கு எது முடியும், எது ஆபத்து என்பதை முதல் நாளே அவர்கள் மொழியில், சட்டம் தெரிந்த ஒருவரை வைத்து ஒளிக்காமல் சொல்லுங்கள். பதிவு பெற்ற சமூக நிறுவனம் ஒன்று விற்பனையைக் கையில் எடுத்துக்கொள்ளும் வழியையும் காட்டுங்கள். 2016-இல் கோலாலம்பூரில் தொடங்கிய பிச்சா திட்டத்தில் அகதிக் குடும்பங்கள் சமைக்கின்றன. ஆர்டர் எடுப்பதையும் விநியோகத்தையும் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. வேளாண் பொருளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அந்தப் பெண்களின் கீரையை நான் என் காளானோடு சேர்த்து எடுத்துப்போக ஆசைப்படுகிறேன். எந்த முறையில் செய்தால் அவர்களுக்குச் சிக்கல் வராது என்று சொல்ல அந்த வகுப்பில் யாரும் இல்லை.

பயிற்சிக்குப் பின் ஆலோசகர் ஒருவர் மாதம் ஒரு முறை குடிலுக்கு வந்து நோட்டைப் பார்த்துப் போனார். அது தொடர்ந்தவரை எங்கள் குழுவில் எல்லோரும் கணக்கு எழுதினோம். நிதி முடிந்து அவர் நின்றதும் பலர் விட்டுவிட்டார்கள். எழுதுகிறவர்கள் நாங்கள் சிலர் மட்டும் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் பேசிக்கொள்கிறோம். தட்டுகளை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். அதனால், சேர நினைப்பவர்கள் வகுப்பு எத்தனை வாரம் என்று கேட்பதோடு, முடிந்த பிறகு எத்தனை மாதம் வருவீர்கள் என்றும் கேளுங்கள். வாங்குகிறவர்களை, அதாவது உணவகக்காரர்களையும் சந்தைக்காரர்களையும், வகுப்புக்கு அழைத்து வருவீர்களா என்றும் கேளுங்கள். எங்கள் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூலையும் அதற்கென ஓர் ஆளும் வைத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் இரண்டாம் வாரமே நின்றிருப்போம். நடத்தியவர்களுக்கு அதற்காக மனமார்ந்த நன்றி. ஆனால் காளானும் கீரையும் விடியற்காலையில் பறித்துக் காலையிலேயே கடைக்குப் போய்ச் சேர வேண்டியவை. காலை ஒன்பது மணிக்கு வகுப்பு வைத்தால் விவசாயி எதை விட்டுவிட்டு வருவார்? பிற்பகலுக்கு மாற்றுங்கள், புரட்டாசியில் வைக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.