அடினோசினை எங்க மறிக்கிறது: சிடி39லயா, சிடி73லயா, ஏ2ஏலயா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் யாருக்காவது கேன்சர்னா நிறைய பேரு திருவனந்தபுரத்துல இருக்க ஆர்சிசிங்கற கேன்சர் ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏறுவாங்க, இப்ப போயிட்டு வர்றவங்க வாயில இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சர் மேல ஏவிவிடுற ஊசிங்கற பேச்சும் வருது, ஆனா அந்த ஊசி சிலருக்கு ஏன் கேக்கலங்கறதுக்கு ஒரு காரணம், எதிர்ப்பு செல்லை அடக்கிப்போடுற அடினோசின்ங்கற பொருள்.

கட்டிக்குள்ள செல்லு சாகும்போது செல்லுக்கு சக்தி தர்ற ஏடிபிங்கற பொருள் வெளிய கொட்டும், அது எதிர்ப்பு செல்லை உசுப்பிவிடும். செல்லோட மேல்புறத்துல இருக்க சிடி39ங்கற என்சைம் அதோட பாஸ்பேட்டை வெட்டி ஏஎம்பி ஆக்கும், அப்புறம் சிடி73ங்கற இன்னொரு என்சைம் மிச்சமிருக்க ஒத்த பாஸ்பேட்டையும் கழட்டி அடினோசின் ஆக்கிடும். அது டி செல்லுங்கற எதிர்ப்பு செல்லோட ஏ2ஏ ரிசப்டர்ல (சேதி வாங்குற வாசல் மாதிரி) போய் ஒட்டுனா உள்ள சைக்ளிக் ஏஎம்பிங்கற வேற ஒரு சிக்னல் பொருள் ஏறி டி செல் அப்படியே அடங்கிப்போயிரும்.

சிடி39ஐ மறிச்சா ஒரு நல்லது, உசுப்புற ஏடிபி கரையாம நிக்கும். ஆனா ஏஎம்பி வர வேற வழியும் இருக்கே, என்ஏடிங்கற இன்னொரு பொருள்ல இருந்து சிடி38, சிடி203ஏங்கற என்சைம்கள் வழியா வந்துரும். ரேஷன் அரிசி கடத்துற வண்டிய மெயின் ரோட்ல மறிச்சா ஊடுவழியா கேரளாவுக்குள்ள போற மாதிரிதான்.

ஏ2ஏவை அடைக்கிறது மாத்திரையிலயே முடியும், அது வசதி. இஸ்ட்ராடெஃபிலின்னு ஒரு ஏ2ஏ மருந்து பார்கின்சனுக்கு ஜப்பான்ல 2013லயும் அமெரிக்காவுல 2019லயும் அனுமதி வாங்கிருச்சு. (டீயில இருக்க கஃபீனும் இதே ரிசப்டரைத்தான் அடைக்குது, அதுக்காக டீ குடிச்சா கட்டி கரையும்னு யாரும் நம்பிராதீங்க.) சிக்கல் என்னன்னா அடினோசின் அங்கயே தேங்கி நிக்கும், அது ஒட்டுற இன்னொரு வாசலான ஏ2பி ரிசப்டரும் தொறந்தே கிடக்கும்.

என் ஓட்டு சிடி73க்குத்தான். ரெண்டு வழியும் வந்து சேர்ற இடம் அது, அங்க மறிச்சா ஏ2ஏ, ஏ2பி ரெண்டுக்கும் போற அடினோசின் நல்லா குறையும். மனுசங்ககிட்ட பார்த்ததும் இருக்கு, ஆபரேஷன் பண்ண முடியாத மூணாம் ஸ்டேஜ் நுரையீரல் கேன்சர்ல கீமோ ரேடியேஷன் முடிச்சவங்களுக்குப் பண்ண கோஸ்ட் ட்ரயல்ல, துர்வலுமாப்ங்கற இம்யூனோதெரபி ஊசி மட்டும் போட்டவங்கள்ல 33.9 சதவீதம் பேருக்குத்தான் 12 மாசத்துல நோய் முத்தாம இருந்துச்சு, சிடி73ஐ மறிக்கிற ஒலெக்லுமாபும் சேர்த்தப்ப அது 62.6 சதவீதம். ரெண்டாம் கட்ட ட்ரயல்தான், சின்னது, அதனால இதை வச்சு டாக்டரைப் போட்டு நெருக்கக் கூடாது.

பயமும் இங்கதான். பிறவியிலயே சிடி73 ஜீன் பழுதான குடும்பங்களைப் பத்தி 2011ல வெளிவந்துச்சு, அவங்களுக்கு கால் ரத்தக்குழாய்லயும் கைகால் மூட்டுலயும் கால்சியம் படிஞ்சிருந்துச்சு. அடினோசின் இல்லாதப்ப டிஎன்ஏபிங்கற வேற என்சைம் கூடிப்போயி, கால்சியம் படியாம காக்குற பைரோபாஸ்பேட்டை உடைச்சிருது. கொஞ்ச மாசம் ஊசி போடுறதும் பிறந்ததுல இருந்து அந்த என்சைமே இல்லாததும் ஒண்ணு இல்லதான், ஆனாலும் இந்த மருந்தை வருசக்கணக்குல கொடுக்கணும்னு வந்தா கால் ரத்தக்குழாயையும் சேர்த்தே பார்த்துக்கிட்டு வரணும்.