சீலியாக் உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு மாவு மெஷின்: வாங்கலாமா?

கோதுமை, பார்லி, ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்) ஆகியவற்றில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கிற நோய்தான் சீலியாக். அது உள்ள குழந்தை இருக்கிற வீட்டில் முதலில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால் நான் ரொட்டியையோ பிஸ்கட்டையோ சொல்ல மாட்டேன், மாவு அரைக்கும் இடத்தைத்தான் சொல்வேன். என் மகளுக்கு ஏழு வயது. ரத்தப் பரிசோதனையில் சந்தேகப்பட்டு, எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடல் திசுவைப் பார்த்து உறுதி செய்தார்கள். இதற்கு மருந்து கிடையாது, கோதுமை, பார்லி, ரை மூன்றையும் வாழ்நாள் முழுக்க ஒதுக்கி வைப்பதுதான் சிகிச்சை.

நமக்கு இட்லி, தோசை, சோறு எல்லாம் அரிசிதானே, இதில் என்ன கஷ்டம் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அது பாதிதான் உண்மை. ரவை, சேமியா, மைதா எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோதுமை, நிறுத்தினால் நின்றுவிடும். தெரியாமல் வருவதுதான் ஆளைப் படுத்தும். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்ந்திருக்கும், மால்ட் பானங்களில் பார்லி இருக்கும், சத்துமாவுப் பாக்கெட்டில் பொருள் பட்டியலைப் படித்தால் நடுவில் எங்கேயோ கோதுமை உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் லேபிள் பார்த்துத் தவிர்த்துவிடலாம், ஆனால் மாவு மில்லுக்கு லேபிள் இல்லையே! நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு கொஞ்சம் மெஷினுக்குள்ளேயே தங்கி, அடுத்து போடுகிற நம் கேழ்வரகோடு சேர்ந்துதான் வெளியே வரும். குளூட்டன் இல்லாதது என்று விற்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி, அதைக் கோதுமை மாவாகக் கணக்குப் போட்டால் ஒரு சிட்டிகைகூட நன்றாகத் தேறாது. மில்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தச் சுத்தத்தை அவரால் தர முடியாது.

அதனால்தான் வீட்டில் வைக்கிற 1 எச்பி மாவு மெஷின் வாங்கினோம். பார்க்கச் சின்ன அலமாரி மாதிரி இருக்கும், மேலே தானியத்தைக் கொட்டினால் உள்ளே இருக்கிற பிளேடு உடைத்து, ஜல்லடை வழியாகக் கீழே உள்ள டப்பாவில் இறக்கிவிடும். ஒரு மணி நேரம் ஓடினாலும் கரண்ட் கிட்டத்தட்ட ஒரு யூனிட்தான். கேழ்வரகு, கம்பு, வெள்ளைச் சோளம், பச்சரிசி, கடலைப்பருப்பு எல்லாம் நன்றாகவே அரைகிறது. ஆனால் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது நைஸ் மாவு இல்லை, பெரிய கண் ஜல்லடை. அதைப் போட்டால் அரிசி ரவையும் சோள ரவையும் கிடைக்கும், அதில் மிளகு சீரகம் போட்டு உப்புமா, பாலும் வெல்லமும் சேர்த்துப் பாயசம் என்று ரவையில் செய்கிற பாதிப் பலகாரம் திரும்ப வந்துவிட்டது. வறுத்த கேழ்வரகு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, ஏலக்காய் போட்டுச் சத்துமாவும் இதிலேயே, எல்லாத் தானியத்தையும் நாமே கல் பார்த்து, கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று பொறுக்கிப் போடுவதால் மனசுக்கு நிம்மதி.

சப்பாத்திதான் பிள்ளைகள் விஷயத்தில் பெரிய பாடு, கூடப் படிக்கிற எல்லாரும் கொண்டுவருவார்கள். அரிசி மாவும் வெள்ளைச் சோள மாவும் பாதிப் பாதி, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் இசப்கோல் (தண்ணீரில் கொழகொழப்பாகிற விதை உமி), அதில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறி மூடிவைத்து, கை பொறுக்கிற சூட்டில் நன்றாகப் பிசைய வேண்டும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் திரட்டும்போதே பிளந்துவிடும், ஏனென்றால் இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் இதில் இல்லை, சூட்டில் வெந்த மாவுச்சத்துதான் அந்த வேலையைச் செய்கிறது. பிளாஸ்டிக் ஷீட்டுக்கு நடுவில் வைத்துத் திரட்டினால் ஓரம் கிழியாது. சூடாக இருக்கும்போது அருமை, மதியம் டப்பாவைத் திறக்கும்போது கொஞ்சம் விறைத்துத்தான் இருக்கும், அதனால் பள்ளிக்குக் கேழ்வரகு தோசை, வீட்டில் ராத்திரிக்குச் சப்பாத்தி என்று வைத்துக்கொள்வது நல்லது.

மெஷினின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஈரம் துளியும் ஆகாது. அதிரசத்துக்கும் புட்டுக்கும் அரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி ஈரப்பதத்தோடு அரைப்போமே, அதை இதில் போட்டால் ஜல்லடை அடைத்துக்கொள்ளும், அதற்கு மிக்ஸியும் சல்லடையும்தான். எள், வேர்க்கடலை மாதிரி எண்ணெய் விடுகிறவையும் கூடாது. சத்தம் அதிகம், குழந்தை தூங்கும்போது ஓட்ட முடியாது. மாவு சூடாக வரும், ஆறவிடாமல் டப்பாவில் மூடினால் வேர்த்துக் கட்டியாகிவிடும். விலையும் பதினைந்தாயிரத்தைச் சுற்றி இருக்கிறது, எல்லா வீட்டுக்கும் எளிதில்லை. ஆனால் குளூட்டன் இல்லாத மாவுப் பாக்கெட் சாதாரண ஆட்டாவைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை விற்கிறது, அதைத்தான் மாதாமாதம் வாங்குகிறீர்கள் என்றால் மெஷின் போட்ட காசை எடுத்துவிடும். கம்மியாகத்தான் மாவு செலவாகும் என்றால் நல்ல மிக்ஸி ஜார் ஒன்றைத் தனியாக ஒதுக்கினாலே போதும்.

வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மெஷினைக் கொண்டுவந்து மாட்டுகிறவர் ஓட்டிக் காட்ட முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் கோதுமைதான். முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள், வந்ததும் உங்கள் அரிசியை நீங்களே எடுத்துக் கொடுங்கள். கடையில் காட்சிக்கு வைத்து ஓட்டியதையும், பழையதையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், உள்ளே மூலையில் ஒட்டிய மாவை முழுசாக எடுக்க வழியில்லை. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு கிலோ கோதுமை அரைத்துத் தரச் சொன்னால் விஷயத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள், குழந்தைக்காக என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.