கிண்ணியாப் பாலம்: 2009 இலிருந்து பாவிக்கிற ஒருத்தனின் கணக்கு

இலங்கையின் கிழக்கில், எங்கள் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு (எங்கள் பேச்சில் திருமலை) போகிற வழியில், 2009 ஒக்டோபர் 20 இல் திறந்த பாலம். அந்தக் கிழமையிலிருந்து ஆறு நாளும் போக ஒரு தரம், வர ஒரு தரம் என்று மோட்டார் சைக்கிளில் ஓடுகிறேன். அதற்கு முந்தின காலமெல்லாம் பாதைதான். வெளியூர்க்காரர் குழம்ப வேண்டாம்: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆளையும் வாகனத்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற தட்டையான மிதவை.

ஒரு பக்கம் கொட்டியாரக்குடா, மறுபக்கம் தம்பலகாமக்குடா, நடுவில் 396 மீற்றர் நீளப் பாலம். சவூதி அரேபியாவின் கடனுதவியில் கட்டினது. சைக்கிளை ஒரே சீராக விட்டால் அரை நிமிசம். இந்த அரை நிமிசத்துக்காக முன்னே ஒரு மணித்தியாலத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும்.

“பாதைக்காலம் போல வருமா, எல்லாரும் ஒன்றாகப் பேசிக்கொண்டு போனோமே” என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். பேசினோம்தான். வெள்ளைமணல் கரை வருவதற்குள் ஊரில் யார் வீட்டுக் கலியாணம், எந்த வயலுக்குத் தண்ணீர் வரவில்லை, எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் என் மூத்த மகள் பிறக்க இருந்த இரவு, “இங்கே ஏலாது, திருமலைக்குக் கொண்டுபோங்க” என்று சொல்லிவிட்டார்கள். துறையடியில் வேனுக்குள் மனைவி, பக்கத்தில் மாமி. யுத்த காலம்; பொழுதுபட்டால் பாதை இல்லை. தம்பலகாமம் சுற்றிப் போக அந்த நேரத்தில் எந்த சாரதியும் வரமாட்டான். அக்கரை வெளிச்சம் தண்ணீரில் நீளமாகக் கிடக்கிறது, பலமாகக் கூவினால் கேட்கும் போல இருக்கிறது. சுபஹு பாங்கு சொல்லி, விடிந்து, முதல் பாதை வரும்வரைக்கும் மாமி ஓதிக்கொண்டே இருந்தார். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பிறகு பாதைக்காலத்தின் இனிமையை யார் தொடங்கினாலும் நான் எழும்பிப் போய்விடுவேன்.

அதனால் பாலத்தில் குறையே இல்லை என்று இல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நடுப்பாலத்தில் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். பின்னால் ஆள் இருந்தால் இன்னும் மோசம். துண்டுகள் பொருந்துகிற இடங்களில் சில்லு ‘டக் டக்’ என்று குத்தும், முதுகு நோவுள்ளவர்களுக்கு எண்ணத் தெரியும். விளக்குகள் சில மாதம் எரியும், சில மாதம் எரியாது.

பின்னேரமானால் பாலம் பூங்காவாக மாறிவிடும். குடும்பத்தோடு வந்து காற்று வாங்குவார்கள், கைப்பிடிச் சுவரோரம் பொடியன்கள் தங்கூசியோடு மீன் பிடிக்க நிற்பார்கள். ஒருநாள் ஒருத்தன் பின்னால் பார்க்காமல் வீச, இறால் குத்தின முள் என் சட்டைக் கையில் ஏறிவிட்டது. நிறுத்தினேன். “மாமா, மெல்ல இழுங்க, முள்ளு முறிஞ்சிடும்” என்கிறான். என் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

துறையடியில் பாதைக்குக் காத்து நிற்கிற சனத்துக்குத் தேத்தண்ணி விற்ற காக்கா (எங்கள் பேச்சில் அண்ணன்) ஒருவர் இருந்தார். பாலம் திறந்ததும் அவருக்குத்தான் முதல் அடி. “முந்தி சனம் என்ட கடையைப் பார்த்துக்கொண்டு நிண்டது, இப்ப ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகுது” என்பார். ஒரு வருசம் கடையைத் திறந்து வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். பிறகு பாலத்து முனையில் வண்டில் போட்டு மாங்காயும் அவித்த சோளமும் விற்றார். தேத்தண்ணியை விட இதில் காசு என்றும் ஒத்துக்கொண்டார், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு. பஜாரில் உடுப்புக்கடை வைத்திருப்பவர்கள் இன்னும் சமாதானமாகவில்லை. பெருநாளுக்கு உடுப்பெடுக்கச் சனம் டவுனுக்குப் போய்விடுகிறதாம். அவர்கள் பொருள் எடுக்கப் போவதும் இதே பாலத்தால்தான், அதைச் சொல்லமாட்டார்கள்.

பழைய ஆட்களோடு கொஞ்ச நேரம் இருந்து கதைத்தால் வேறொரு மனக்குறை வெளியே வரும். பெரிய பாலம் வந்தது, படம் எடுத்தார்கள், எல்லாரும் பார்த்தார்கள். ஊருக்குள்ளே இருக்கிற சின்னப் பாலங்களை யார் பார்த்தார்கள்? குறிஞ்சாக்கேணியில் புதுப்பாலம் கட்டுகிற வேலை நடக்க, அங்குள்ள பிள்ளைகள் தற்காலிகமாக ஓடவிட்ட மிதவையில் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள்.

2021 நவம்பர் 23, காலை. நான் இந்தப் பாலத்தைத் தாண்டி வெள்ளைமணல் பக்கம் இறங்குகிறேன், போன் அடிக்கிறது. சைக்கிளை ஓரம் கட்டினேன். மச்சான்தான்.

“பாதை கவுந்திட்டு. பள்ளிக்கூடத்துப் புள்ளைகள்.”

அன்றைக்கே ஆறு ஜனாஸா, ஆறு உயிர். அந்த நேரத்தில் எனக்கு அது விளங்கவில்லை. எங்களுக்குப் பாதை முடிந்து பன்னிரண்டு வருசம். “எந்தப் பாதை?” என்று அவனிடம் திருப்பிக் கேட்டேன்.